இருமலைக் காட்டப் போனால் பிடித்து அனுப்பிவிடுவார்களா?

கிளிநொச்சிக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் உள்ள ஓர் ஊரிலிருந்து முன்பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். கொப்பித் தாளில் நாலு பக்கம். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

தம்பிக்கு வயது 23. நாடே எரிபொருள் வரிசையில் நின்ற 2022 ஆம் ஆண்டில் ஸ்டூடன்ட் விசாவில் லண்டன் போனவர். செலவு 38 இலட்சம். அம்மாவின் நகை, ஒரு சீட்டுக்காசு, மிச்சத்துக்குக் காணிப் பத்திரத்தைக் கொடுத்து மீற்றர் வட்டிக்கு எடுத்த பணம். படிப்புக் கட்டணத்தில் அரைவாசியைத்தான் இங்கிருந்து கட்டினார்கள். மீதியை அங்கே உழைத்துக் கட்டலாம் என்று ஏஜென்ற் சொன்னாராம். முடியவில்லை. பல்கலைக்கழகம் பெயரை வெட்டியது, 2023 கடைசியில் விசாவும் போனது. இப்போது ஈஸ்ட்ஹாம் பக்கம் ஒரே அறையில் ஐந்து பேரோடு இருக்கிறார். இரவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் வேலை.

இரண்டரை மாதமாக இருமல். பின்னேரத்தில் காய்ச்சல் காய்கிறது, விடியப்புறம் வியர்த்துக் கொட்டுகிறது. நித்திரை இல்லை. "வீடியோ கோலில் கமராவைக் கூரைப் பக்கம் திருப்பி வைச்சுக்கொண்டுதான் கதைப்பான். ஒருநாள் போன் சரிஞ்சு விழுந்தது. அப்பதான் அவன்ர கழுத்தெலும்பைப் பார்த்தன்" என்று எழுதியிருக்கிறார் அக்கா. டொக்டரிடம் போ என்றால், கொம்பியூட்டரில் பெயரை அடித்துப் பார்த்துவிட்டு ஹோம் ஒஃபிசுக்கு (குடிவரவைப் பார்க்கும் உள்துறை அமைச்சுக்கு) அறிவித்துவிடுவார்கள் என்கிறாராம். கூட இருக்கிற பெடியன்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்களாம். போன மாதம் ஒருநாள், "நான் இருந்து என்ன பிரயோசனம் அக்கா" என்றும் கேட்டிருக்கிறார்.

அக்காவின் கேள்விகள்: இங்கிருந்து அமொக்சிசிலினும் நித்திரைக் குளிசையும் பார்சலில் அனுப்பலாமா? விசா உள்ள நண்பர் ஒருவர் தன்னுடைய பெயரில் காட்டச் சொல்கிறார், செய்யலாமா? கொழும்பில் எக்ஸ்ரே எடுத்துக் காசநோய் இல்லை என்று சேர்ட்டிபிக்கேற் கொடுத்துத்தானே விசா கிடைத்தது, அப்படியானால் இது சாதாரண சளிதானே? ஒருவர் 3,000 பவுணுக்கு அசைலம் (அகதித் தஞ்சம்) கேஸ் எழுதித் தருவதாகச் சொல்கிறார், நம்பலாமா? பேசாமல் திரும்பி வரச் சொல்லட்டுமா? கடைசியில் ஒரு வரி: "மற்றப் பெடியள் எல்லாம் சமாளிக்கிறாங்கள். இவன் மட்டும் ஏன் இப்பிடிப் பலவீனமா இருக்கிறான்?"

தங்கச்சி, உங்கள் கடைசி வரிக்குப் பிறகு வருகிறேன். அவசரமான விடயம் முதலில்.

இரண்டரை மாத இருமல், பின்னேரக் காய்ச்சல், இரவு வியர்வை, உடம்பு மெலிவு. இந்த நாலும் சேர்ந்து என் கிளினிக் கதவைத் தட்டினால், ஆள் உட்காரும் முன்னமே சளிப் பரிசோதனைக்குத்தான் எழுதுவேன். காசநோய் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தை வைத்து அப்படிச் சொல்ல எந்த வைத்தியருக்கும் உரிமை இல்லை. ஆனால் காசநோய் இல்லை என்று நிரூபிக்கும்வரை அதை மனதில் வைத்துத்தான் நடக்கவேண்டும். கொழும்பில் எடுத்த எக்ஸ்ரே அன்றைக்கு நெஞ்சில் என்ன தெரிந்ததோ அதை மட்டும்தான் சொல்லும். அந்தச் சேர்ட்டிபிக்கேற்றுக்கே ஆறு மாதம்தான் ஆயுள். காசநோய்க் கிருமி நெஞ்சுக்குள் வருடக்கணக்கில் தூங்கும், அந்த நேரம் படத்தில் எதுவும் தெரியாமலும் இருக்கும். சாப்பாடு குறைந்து, நித்திரை கெட்டு, காற்றோட்டமில்லாத அறையில் உடம்பு தளரும்போது எழும்பும். உங்கள் அப்பப்பாவுக்குக் கசம், அதாவது காசநோய், வந்து இடம்பெயர்ந்திருந்த காலத்தில் மருந்து எடுத்தார் என்று கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். தம்பி அப்போது அவர் மடியில் தூங்கிய குழந்தை. வைத்தியரிடம் போகும்போது இதையும் கட்டாயம் சொல்லவேண்டும்.

பார்சல் வேண்டாம். ஒரு மகனுக்கு அனுப்பவென்று ஷொப்பிங் பை நிறைய மருந்து கட்டிக்கொண்டு என்னிடம் வந்த தாயை எனக்கு ஞாபகம் இருக்கிறது. பனை ஒடியலுக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவில் மூன்று வகை அன்ரிபயோட்டிக். அன்பைக் குறை சொல்ல முடியாது, மருந்தைச் சொல்லவேண்டும். அமொக்சிசிலினால் காசநோய் மாறாது, நாள்தான் வீணாகும். லெவோஃபுளொக்சசின் போன்ற வகை இன்னும் மோசம். அது நோயைக் கொஞ்சநாள் அமுக்கி வைத்துப் பரிசோதனையையும் குழப்பிவிடும், கிருமிக்கு மருந்தைப் பழக்கியும் விடும். "இருந்து என்ன பிரயோசனம்" என்று சொல்கிற ஒருவரின் கையில் ஒரு போத்தல் நித்திரைக் குளிசை போய்ச் சேரக்கூடாது என்பதற்கு நான் விளக்கம் எழுதத் தேவையில்லை.

டொக்டரின் வாசல் வேறு, ஹோம் ஒஃபிசின் வாசல் வேறு

தம்பியும் அறையில் இருப்பவர்களும் பயப்படுவதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் மற்றப் பாதியை அவர்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. 2012 இல் அப்போதைய உள்துறை அமைச்சர் தெரேசா மே, சட்டவிரோதமாக இருப்பவர்களுக்குப் பகையான சூழலை உருவாக்கப் போவதாக வெளிப்படையாகவே சொன்னார். 2014, 2016 ஆம் ஆண்டுச் சட்டங்கள் அதைச் செய்தன. வீட்டுக்காரர் விசா பார்க்கவேண்டும், வங்கி பார்க்கவேண்டும், முதலாளி பார்க்கவேண்டும். அனுமதி இல்லாமல் வேலை செய்வதே குற்றமானது. இப்படி எந்தக் கதவைத் தட்டினாலும் பேப்பர் கேட்கிற ஊரில், வைத்தியரும் கேட்பார் என்று ஒரு 23 வயதுப் பெடியன் நினைப்பதில் என்ன பிழை? 2017 இல் என்எச்எஸ் எனப்படும் அங்குள்ள அரச மருத்துவ சேவையின் தரவுப் பிரிவு நோயாளிகளின் விலாசங்களை ஹோம் ஒஃபிசுக்குக் கொடுக்க ஓர் உடன்படிக்கைகூடச் செய்தது. வைத்தியர்கள் எதிர்த்தார்கள், 2018 இல் அது கைவிடப்பட்டது. கைவிட்ட செய்தி ஈஸ்ட்ஹாம் அறைகளுக்குப் போய்ச் சேரவில்லை. பயம் மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது.

சரி, இப்போது நடைமுறை. இங்கிலாந்தில் ஜீபி எனப்படும் குடும்ப வைத்தியரிடம் பதிய விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டோ விலாசச் சான்றோ இல்லை என்பதற்காக மறுக்கக்கூடாது என்று என்எச்எஸ்ஸின் வழிகாட்டியே சொல்கிறது. ஜீபியைப் பார்ப்பது எல்லோருக்கும் இலவசம்.  பதிவுப் படிவத்தில் வெளிநாட்டவரா என்று துருவும் மேலதிகக் கேள்விகள் வந்தால், அவை கட்டாயமில்லை. இன்னொன்று: மாணவனாகப் போன புதிதில் எங்காவது பதிந்திருந்தால், விசா போனதால் அந்தப் பதிவு அழிந்திருக்காது. வீடு மாறியிருந்தால் மட்டும் புது இடத்தில் பதியவேண்டி வரலாம்.

வரவேற்பு மேசையில் இருப்பவர் சிலவேளை பிழையாகப் பாஸ்போர்ட் கேட்பார். கோபப்படாமல், "வழிகாட்டியின்படி அது தேவையில்லை, மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்" என்று சொல்லச் சொல்லுங்கள். எழுத்தில் கொடுக்கவேண்டியது அவர்கள் கடமை. அப்படியும் சரிவராவிட்டால், டொக்டர்ஸ் ஒஃப் த வேர்ல்ட் என்ற அமைப்பு லண்டனில் இப்படியானவர்களைப் பதிந்து கொடுப்பதையே ஒரு வேலையாகச் செய்கிறது. விசா கேட்கமாட்டோம் என்று அவர்களோடு இணங்கிக்கொண்ட ஜீபி நிலையங்களும் நிறைய இருக்கின்றன. தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். அறையில் இருக்கும் நண்பரை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகவேண்டாம். நண்பருக்கு முன்னால் தம்பி பாதியைத்தான் சொல்வார்.

இந்தக் கடிதத்தில் நீங்கள் தம்பிக்கு அப்படியே வாசித்துக் காட்டவேண்டிய வசனம் இது: காசநோயைக் கண்டுபிடிப்பதும் குணப்படுத்துவதும் இங்கிலாந்தில் விசா இல்லாதவருக்கும் முழுக்க இலவசம். ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தாலும் அந்த நோய்க்குக் காசு கிடையாது. சோதித்துப் பார்த்து காசநோய் இல்லை என்று வந்தாலும், அந்தச் சோதனைக்குக் காசு கேட்க முடியாது. இரக்கத்தால் மட்டும் செய்ததில்லை இது. ஒருவர் பயந்து ஒளிந்தால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் தொற்றும் என்ற கணக்கு. எச்ஐவிக்கும் வேறு சில தொற்றுநோய்களுக்கும் இதே விதிதான்.

காசநோய் என்றே உறுதியானால், வழமையாக ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் நாலு வகை, பிறகு நாலு மாதம் இரண்டு வகை. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்படவேண்டாம், மருந்தின் நிறம் அது. மருந்துக்கு அடங்குகிற சாதாரண வகையானால், ஒழுங்காக எடுக்கும்போது இரண்டு கிழமை அளவில் மற்றவர்களுக்குத் தொற்றும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். அறையில் இருப்பவர்களையும் சோதிப்பார்கள், அதுவும் இலவசம். "அவங்கள் என்னை வீட்டை விட்டுக் கலைச்சுப்போடுவாங்கள்" என்று தம்பி நினைப்பார். காசநோய் நேர்ஸிடம் அந்தப் பயத்தை முதலிலேயே சொல்லிவிடட்டும். இப்படி நெருக்கி இருக்கிற வீடுகள் அவர்களுக்குப் புதிதில்லை.

நண்பரின் பெயரில் காட்டுகிற யோசனையைத் தயவுசெய்து இன்றோடு விடுங்கள். சட்டத்தில் அது மோசடி. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, இரண்டு பேரின் உடம்பு ஒரே பைலில் கலந்துபோவது. ஒருவருக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது, மற்றவருக்கு ஒத்துக்கொள்ளும். எந்த வைத்தியர் எதை நம்பி ஊசி போடுவது? நண்பருக்கும் இல்லாத நோயொன்று காலம் முழுக்க அவருடைய பதிவில் கிடக்கும்.

பயத்தில் உண்மையான பாதி

எல்லாம் இலவசம் என்று சொல்லி அனுப்பிவைத்து, பிறகு ஒரு பில் வந்தால் தம்பி உங்களையும் நம்பமாட்டார், என்னையும் நம்பமாட்டார். ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பது இலவசம். ஆனால் அங்கிருந்து வார்ட்டில் அனுமதித்தால், விலக்கு அளிக்கப்பட்ட நோயாக இல்லாவிட்டால், விசா இல்லாதவரிடம் கட்டணம் கேட்பார்கள். அதுவும் என்எச்எஸ்ஸின் வழமையான செலவுக் கணக்கில் ஒன்றரை மடங்கு. 2017 ஒக்டோபரில் இருந்து, அவசரமில்லாத ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு முன்பணமே கேட்கிறார்கள். 500 பவுணோ அதற்கு மேலோ இரண்டு மாதமாகக் கட்டாமல் இருந்தால் அது ஹோம் ஒஃபிசுக்குத் தெரிவிக்கப்படலாம், பிற்காலத்தில் விசா கேட்கும்போது அந்தக் கடனே மறுக்கக் காரணமாகவும் வரலாம். பெடியன்கள் பயப்படுகிற "அறிவிப்பாங்கள்" உண்மையில் இருக்கிற இடம் இதுதான். ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, அவர்கள் விசா நிலையைச் சரிபார்ப்பார்கள். பில் வந்தால் ஒளிக்காமல், மாதம் எவ்வளவு முடியுமோ அதைத் தவணையாகக் கட்டக் கேட்கவேண்டும். அதோடு, உடனடியாகவோ அவசரமாகவோ தேவைப்படும் சிகிச்சையைக் காசு இல்லை என்பதற்காக நிறுத்தக்கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. சளியில் இரத்தம் வந்தால், மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால் ஜீபிக்காகக் காத்திருக்கக்கூடாது, அவசர இலக்கமான 999 க்கு எடுக்கவேண்டும். அந்த நேரம் பில்லை யோசிக்கிற நேரம் இல்லை.

அவர் பலவீனமானவரா?

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் 2012 இல் டாக்கா என்று ஒரு திட்டம் வந்தது. சிறுவயதில் கொண்டுவரப்பட்டு, பேப்பர் இல்லாமலே அங்கு வளர்ந்த இளைஞர்களை இரண்டு வருடத்துக்கு நாடு கடத்தமாட்டோம், வேலையும் செய்யலாம் என்றார்கள். இரண்டு வருடம் முடியப் புதுப்பிக்கலாம். அவ்வளவுதான். புது ஆஸ்பத்திரி கட்டவில்லை, ஒரு குளிசைகூடக் கொடுக்கவில்லை. பிறகு ஆராய்ந்து பார்த்தால், தகுதி பெற்றவர்களின் மன உளைச்சல் குறைந்திருந்தது. ஒரெகன் மாநிலத்தில் செய்த ஓர் ஆய்வு 2017 இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்தது. தாய்க்கு அந்தப் பாதுகாப்புக் கிடைத்த வீடுகளில், அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகளுக்குப் பதற்றமும் அதுபோன்ற மனக் கோளாறுகளும் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. தாயின் கையில் ஒரு கடதாசி வந்தது, பிள்ளை நித்திரை கொண்டது. கடதாசி இல்லாத இடத்தில் உடம்பு என்ன பாடுபடும் என்பதை இதிலிருந்து நீங்களே பின்னோக்கி யோசித்துப் பார்க்கலாம்.

தம்பியின் விடயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 2009 மே மாதத்தில் அவருக்கு ஏழு வயது. பதுங்குகுழியில் இருந்து செட்டிகுளம் முகாமுக்குப் போன பிள்ளை. கதவு தட்டுகிற சத்தத்துக்கு எழும்பி உட்காரும் பழக்கம் அந்த உடம்புக்கு எப்போதோ வந்துவிட்டது. அதே உடம்பை, எந்த நேரமும் கதவு தட்டப்படலாம் என்ற அறையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருக்கிறோம். மற்றப் பெடியன்கள் சமாளிக்கிறார்கள் என்கிறீர்கள். அவர்களுடைய அக்காமாரும் வேறு எங்காவது இதே வரியை எழுதிக்கொண்டிருக்கக்கூடும். எல்லோருடைய கமராவும் கூரையைத்தான் பார்க்கிறதோ என்னவோ.

"இருந்து என்ன பிரயோசனம்" என்று சொன்னதற்கு நீங்கள், "விசர்க்கதை கதைக்காதை" என்று சொல்லிவிட்டு அழுததாக எழுதியிருக்கிறீர்கள். யாரும் அப்படித்தான் செய்வோம். அடுத்த முறை நேரடியாகக் கேளுங்கள்: "தம்பி, சாகவேணும் எண்டு யோசிக்கிறியா?" கேட்டால் யோசனை வந்துவிடும் என்பது பிழையான நம்பிக்கை. கேட்டால் பாரம் இறங்கும். ஓம் என்று சொன்னால், எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். யோசித்திருந்தால் அன்று அவரைத் தனியே விடக்கூடாது, அறையில் நம்பிக்கையான ஒருவரிடம் உடனே பேசுங்கள். இங்கிலாந்தில் 111 ஐ அழைத்து 2 ஐ அழுத்தினால் மனநல அவசர உதவி கிடைக்கும். சமரிட்டன்ஸின் 116 123 க்கு எந்த நேரமும் எடுக்கலாம். இரண்டுக்கும் காசில்லை. உங்களுக்கும் அம்மாவுக்கும் தாங்க முடியாவிட்டால் இங்கே 1926 என்ற மனநல உதவி இலக்கம் இருக்கிறது. ஜீபியிடம் இருமலைச் சொல்லும்போது நித்திரையில்லாததையும் இந்த யோசனையையும் சேர்த்தே சொல்லட்டும். மன அழுத்தத்துக்கு ஜீபி தன் மட்டத்தில் செய்யும் வைத்தியமும் இலவசம்.

அசைலமா, ஊருக்கு வருவதா?

நான் வைத்தியர், சட்டத்தரணி அல்ல. லண்டனில் குடிவரவு வழக்குகள் செய்யும் நண்பர் ஒருவரிடம் விசாரித்துவிட்டுத்தான் இந்தப் பகுதியை எழுதுகிறேன்.

3,000 பவுண் கதையை வாங்கவேண்டாம். அந்த ஆள் ஒரே கதையை எத்தனை பேருக்கு விற்றிருப்பார்? ஹோம் ஒஃபிசில் இருப்பவர்கள் அதையெல்லாம் வாசித்துப் பழகியவர்கள். பொய் என்று பிடிபட்டால், உண்மையாகச் சொல்ல இருந்ததையும் நம்பமாட்டார்கள். தம்பியிடம் சொல்ல உண்மையே இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. 2021 நவம்பரில் விசாரணை என்று கூட்டிப்போய் ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள், அன்று என்ன நடந்தது என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை என்கிறீர்கள். அது வழக்குக்குப் போதுமா என்று உங்களாலும் என்னாலும் சொல்ல முடியாது. அங்கே பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகரோ சொலிசிட்டரோ கேட்டுத்தான் சொல்லவேண்டும். காசில்லாதவர்களுக்கு அசைலம் வழக்குக்கு அரச சட்ட உதவி உண்டு. பதிவில்லாமல் இந்த ஆலோசனை கொடுப்பதே அங்கு குற்றம்.

விண்ணப்பித்தால் முடிவு வரும்வரை ஆஸ்பத்திரிச் சிகிச்சை எல்லாம் இலவசமாகும். இன்னொரு பக்கம், இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி வரும், பெயரும் விலாசமும் அவர்கள் கைக்குப் போகும், பொதுவாக வேலை செய்ய விடமாட்டார்கள், உதவிப் பணம் வாரத்துக்கு 50 பவுணுக்கும் குறைவு. மறுத்தால் திருப்பி அனுப்பும் ஆபத்தும் இருக்கிறது. ஆகவே மருந்துக்காக மட்டும் அசைலம் அடிக்கவேண்டாம். அந்த இரவில் தம்பியின் உடம்புக்கு ஏதாவது செய்திருந்தால், அதை ஜீபியிடம் சொல்வது வேறு காரணத்துக்காகவும் முக்கியம். சித்திரவதையால் வந்த பாதிப்புக்குச் செய்யும் சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை, பதிவும் இருக்கும்.

திரும்பி வருவது தோல்வி இல்லை. இங்கும் காசநோய் மருந்து மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசம், அதே குளிசைகள்தான். தன் செலவில் தானாக வந்தால், மீண்டும் பிரித்தானிய விசா கேட்க வழமையாக ஒரு வருடத் தடை. அரச செலவில் வந்தால் அது நீளும், பிடித்து அனுப்பினால் பத்து வருடம்வரை போகும். ஆனால் இந்த இருமலோடு இப்போதே பிளைட் ஏறக்கூடாது. தொற்றுகிற நிலையில் விமானத்தில் வருவது மற்றவர்களுக்கும் ஆபத்து. பரிசோதனை முதல், டிக்கெட் பிறகு. 2021 இல் நடந்ததை வைத்து, வருவது பாதுகாப்பா என்பதையும் சட்ட ஆலோசகரிடம் கேட்டபிறகுதான் முடிவெடுக்கவேண்டும்.

அவர் வராமல் இருப்பதற்கு உங்கள் வீட்டுக் கடன்தான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். மாதக் கடைசியில் அம்மா கோல் எடுத்தால் முதல் கேள்வி வட்டிக்காசு போட்டாச்சா என்பதுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கொடுத்த காணிப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், போட்டோக் கொப்பியாவது இருக்கும். குடியேற்றத் திட்டத்துப் பெர்மிற் காணியா, உறுதிக் காணியா? பெர்மிற் காணியைப் பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் தனியாருக்கு ஈடு வைக்கவோ விற்கவோ முடியாது. உறுதிக் காணியானால், அம்மா கையெழுத்து வைத்தது ஈட்டு (அடமான) உறுதியிலா, அறுதி (விற்பனை) உறுதியிலா என்று தெரியவேண்டும். ஈடு என்று சொல்லி அறுதி எழுதி வாங்கிய கதைகள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் காட்டிக் கேளுங்கள். பட்ட கடன் இல்லாமல் போகாது. ஆனால் "காணி போய்விடும்" என்ற மிரட்டலுக்கு எவ்வளவு பெறுமதி என்று தெரிந்தால், தம்பி இருமிக்கொண்டு இரவு வேலைக்குப் போவதை ஆறு மாதத்துக்காவது குறைக்கலாம். அம்மாவிடம் இருமலைப் பற்றி மறைக்காதீர்கள். நேர்த்தி வைப்பார், வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நடப்பார், நடக்கட்டும். வட்டிக்காசு கேட்பதை நிறுத்துவார்.

பல ஜீபி நிலையங்களில் காலை 8 மணிக்குத்தான் அன்றைய நாளுக்கான இடம் கொடுக்கத் தொடங்குவார்கள், கொஞ்ச நேரத்தில் முடிந்தும் விடும். இரவு வேலை முடிந்து வந்து தம்பி தூங்கிப்போகிற நேரம் அது. இங்கே அப்போது பகல் 12.30, அவர்களுக்குக் குளிர்காலமானால் 1.30. முன்பள்ளி விட்டு நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். அதற்குக் கால்மணி முன்னம் கோல் எடுத்து எழுப்புங்கள். ஜீபிக்கு எடுத்து முடித்ததும் உங்களுக்குத் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை போனைக் கையிலேயே வைத்திருங்கள். கமரா கூரையைப் பார்த்தால் பார்க்கட்டும்.